'ஒரிஜினல்' முத்திரை குத்தின தாத்தா சொல்லுதேன்

ஏலே பேராண்டிகளா, ராத்திரி மொட்டை மாடியில பெரிய பஞ்சாயத்து நடந்துச்சு போல. 'இது அபிஷியலா, பூட்லெக்கா'ன்னு ஒருத்தன் கேக்கான், 'சத்தியமா அபிஷியல்'ங்கான் இன்னொருத்தன். மூணாமத்தவன் யாரு பேசினாலும் தலையாட்டுதான். கீழ கயித்துக்கட்டில்ல கிடக்க கிழவனுக்குக் காது கேக்காதுன்னு உங்க நெனப்பு. எனக்குக் காது கேக்காதது உங்க பாட்டி ரேஷன் கடைக்குப் போகச் சொல்லுத நேரத்துல மட்டும்தான்.

சரி, விவகாரத்துக்கு வருவோம். லெட் ஜெப்பெலின்னு ஒரு கோஷ்டி. கொட்டு அடிக்கவரு செத்துப் போனாருன்னு 1980-லயே ஆட்டத்தைக் கலைச்சுட்டாக. உங்க அப்பனுக்கே அப்ப மீசை முளைக்கலை. அவுக கச்சேரி வீடியோத் தட்டு ஒண்ணைச் சென்னையில ஏதோ கடையில வாங்கியாந்துட்டீக. உக்காந்து முழுசாப் பாத்தீக. கிட்டார்க்காரர் வயலின் வில்லைக் கையில எடுத்து இழுக்க இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தீக. எல்லாம் ஆனப்புறம்தான் ஒருத்தனுக்கு மனசாட்சி முழிச்சிருக்கு: 'மாப்ள, இது முறையா வந்த தட்டுதானா?' கிடா விருந்துல எலும்பு வரைக்கும் உறிஞ்சி, கையைக் கழுவி, வெத்தலையும் போட்டுட்டு, 'ஆமா, கிடா யாரு வீட்டுது?'ன்னு கேட்டானாம் ஒரு யோக்கியன். அவன் வம்சம்டே நீங்க.

ஆனா கேக்க வேண்டிய ஆளு நாந்தான். இந்தத் தாலுகாவுல கேசட்டு மேல 'ஒரிஜினல்'னு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு குத்தின மொத ஆளு உங்க தாத்தன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல பாட்டுப் பதியுத கடை. ரெண்டு டெக்கு, ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவரு நெறைய எல்பி தட்டு. சனம் நோட்டுத்தாளைக் கிழிச்சுப் பாட்டு லிஸ்டு எழுதிக்கிட்டு வரும். அறுபது கேசட்டா, தொண்ணூறு கேசட்டா, டி.டி.கே.யா, சோனியா, அதுக்குத் தக்கன ரேட்டு. கல்யாண வீட்டுக்கு ஒரு கேசட்டு, காதல் தோல்விக்கு ஒரு கேசட்டு. ரெண்டையும் ஒரே ஆளு வாங்கிட்டுப் போனதும் உண்டு. எந்த வரிசையில வாங்கினான்னு சொன்னா ஊருல ரெண்டு குடும்பம் பிரிஞ்சுரும். தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து கப்பல்காரப் பயலுக கொண்டாந்து குடுத்த இங்கிலீசு கேசட்டும் இருந்துச்சு. உங்க ஜெப்பெலினை நான் அப்பவே கேட்டவன். யாருகிட்டயாவது அனுமதி வாங்கினேனா? கம்பெனிக்காரன் செஞ்சா வியாபாரம், நான் செஞ்சா சேவை, பக்கத்துக் கடைக்காரன் செஞ்சா திருட்டு. அப்படித்தான் நாங்க பாகுபாடு வச்சிருந்தோம்.

அந்த ஸ்டாம்பை எதுக்குக் குத்துனேன்னு கொஞ்சம் யோசிங்க. எச்.எம்.வி.காரன் தன் தட்டுல 'ஒரிஜினல்'னு எழுதி யாராவது பாத்திருக்கீகளா? அவனுக்கு அது தேவையில்லை. தேவைப்பட்டவன் நான், குத்துனேன். உங்க தட்டுலயும் அட்டை மேல தங்க எழுத்துல 'அபிஷியல் ரிலீஸ்'னு போட்டிருக்காமே. அதைப் பாத்ததும் எனக்கு என் ஸ்டாம்பு ஞாபகம் வந்து, மனசுக்கு இதமா இருந்துச்சுடே.

அமெரிக்காவுலயும் எனக்குப் பங்காளிக இருந்திருக்காக. 1969-ல பாப் டிலன் பாட்டை மொத்தமாத் திரட்டி, பேரு கூடப் போடாத வெள்ளை அட்டையில ஒரு தட்டு விட்டானுக. 'கிரேட் ஒயிட் ஒண்டர்'னு சனம் கூப்பிட்டுச்சு. அதே வருசம் நவம்பர்ல ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டி ஓக்லாண்டுல கச்சேரி பண்ணுச்சு. கூட்டத்துக்குள்ள ஒருத்தன் நல்ல சென்ஹைசர் மைக்கும் ஊஹர் டேப்பு மெசினும் வச்சு அமுக்கமாப் பதிஞ்சிட்டான். வருசம் முடியறதுக்குள்ள தட்டு சந்தைக்கு வந்துருச்சு. வெள்ளை அட்டை, அது மேல ரப்பர் ஸ்டாம்பு. படிச்சப்ப எந்திரிச்சு நின்னு கும்புடணும்னு தோணுச்சு. சத்தம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, பத்திரிகைக்காரங்களே பாராட்டி விமரிசனம் எழுதினாக. அடுத்த வருசம் கம்பெனி அவசரமா அதே சுற்றுப்பயணத்துல பதிஞ்ச இன்னொரு கச்சேரியை முறைப்படி வெளியிட்டுச்சு. கள்ளன் முன்னால போக, உடைமைக்காரன் மூச்சு வாங்கப் பின்னால ஓடியிருக்கான்.

உங்கள்ல ஒருத்தன், அந்தக் கண்ணாடி போட்ட பய, தட்டைக் கவுத்து டியூப்லைட்டுக்கு நேராப் பிடிச்சு, 'தாத்தா, அடிப்பக்கம் ஊதா அடிக்கு'ன்னான். கெட்டிக்காரன், எங்க பரம்பரை இல்லை போல. கம்பெனி அச்சுல அடிச்ச தட்டு பளபளன்னு வெள்ளியா இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்ல எரிச்சது ஊதா பாயும். நடு ஓட்டையைச் சுத்தி 'ஐ.எஃப்.பி.ஐ'ன்னு பொடி எழுத்துல ஒரு குறி இருக்கும், எந்தப் பட்டறையில அடிச்சதுன்னு அதை வச்சுப் பிடிச்சிரலாம். 1994-ல கொண்டாந்த ஏற்பாடு அது. அந்தக் குறி இல்லைன்னா சந்தேகப்படு.

குறி இருந்தா? அப்பவும் சந்தேகப்படு. கள்ளன்லயும் முதல் போட்டுத் தொழில் பண்ணுதவன் இருக்கான். அவன் பட்டறையிலயே வெள்ளித் தட்டா அடிச்சு, வழுவழு அட்டை போட்டு, பாட்டுக்காரன் சின்ன வயசுப் படத்தோட புஸ்தகமும் சேத்துக் குடுப்பான். அபிஷியல்காரன் கோலத்தையும் கேட்டுக்கோங்க. 2012 கடைசியில பாப் டிலனோட 1962 பதிவுகளை சோனி கம்பெனி ஐரோப்பாவுல வெளியிட்டுச்சு. எத்தனை பிரதி? சுமார் நூறு! எதுல? வீட்டுல எரிக்கமே, அதே ஊதாத் தட்டுல! சனத்துக்குக் கேக்கக் குடுக்கணும்னு ஆசையில செஞ்சதில்லை அது. ஐரோப்பாவுல அம்பது வருசமா இருந்த பதிவு உரிமையை எழுவதாக்குனாக. ஆனா அம்பது வருசத்துக்குள்ள வெளியிடாத சரக்குக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. உரிமை கைவிட்டுப் போயிரக் கூடாதேன்னு பேருக்கு நூறு தட்டு. தலைப்புலயே 'காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு'ன்னு ஒளிக்காமப் போட்டுட்டாக, அந்த மட்டுக்கும் நேர்மைக்காரக. அந்த நூறுல ஒண்ணு உங்க கையில கிடைச்சிருந்தா, கண்ணாடிக்காரப் பய டியூப்லைட்டுல பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சிருப்பான்.

அதே டிலனோட கம்பெனி 1991-லருந்து 'பூட்லெக் சீரீஸ்'னே பேரு வச்சு வரிசையா வித்துக்கிட்டு இருக்கு. கள்ளச் சரக்குன்னு பேரு போட்டா நல்ல சரக்கு கூடுதலா விக்குதுன்னு கண்டுபிடிச்சவன் சாமானியப்பட்டவனா? நான் 'ஒரிஜினல்'னு குத்துனேன், அவன் 'கள்ளம்'னு குத்துனான். ரெண்டு பேரும் பொய்தான் சொன்னோம், அவனுக்குத்தான் துட்டு கொட்டுச்சு.

'சரி தாத்தா, அபிஷியல்னா நடந்ததை நடந்தபடி காட்டும்ல?'ன்னு தலையாட்டுத பய கேட்டான். பாவம், அவனை யாராவது சீக்கிரம் கல்யாணம் பண்ணி வச்சுத் திருத்துங்க. உங்க ஜெப்பெலினே 1976-ல ஒரு கச்சேரிப் படம் விட்டுச்சு. நியூயார்க்கு மேடிசன் சதுக்க அரங்கத்துல 1973-ல மூணு ராத்திரி ஆடினதைப் படம் பிடிச்சாக. போட்டுப் பாத்தா நடுநடுவுல ஓட்டை, பல இடத்துல காட்சியே இல்லை. என்ன செஞ்சாக? அடுத்த வருசம் இங்கிலாந்துல ஷெப்பர்டன் ஸ்டூடியோவுல மேடை போட்டு, பழைய சட்டையை மாட்டிக்கிட்டு, பழைய பாட்டுக்கு வாயசைச்சு, கையசைச்சு ஓட்டையை அடைச்சாக. பாஸ் கிட்டார்க்காரர் ஜான் பால் ஜோன்ஸ் அதுக்குள்ள முடியை வெட்டிட்டாரு. அவருக்கு மட்டும் விக்கு! அபிஷியல் விக்கு!

இன்னும் கேளுங்க. 2003-ல அவுக முறைப்படி டிவிடி விட்டாக. அதுல ஒரு பாட்டுக்குப் படம் சிட்னியில எடுத்தது, பாட்டு லாங் பீச்சுல பாடினது. ரெண்டும் 1972-தான், ஆனா காலு ஆஸ்திரேலியாவுல, குரல் அமெரிக்காவுல. ஒட்டின இடம் தெரியாம ஒட்டியிருக்காக, நல்ல டெய்லர். கள்ளத்தட்டுக்காரன் இப்படி ஒட்டியிருந்தா 'டூப்பு, டூப்பு'ன்னு மாடியில குதிச்சிருப்பீக.

இதுல இன்னொரு கூத்து. இந்தக் கோஷ்டிக்கு மேனேஜர் பீட்டர் கிராண்ட். மல்யுத்தக்காரரு, ஆளு கோயில் தேரு. கள்ளப்பதிவுன்னா அவருக்கு ஆகவே ஆகாது. லண்டன்ல கடை கடையா நேர்ல போயி, கள்ளத்தட்டை எல்லாம் எடுத்து வைடான்னு நின்னவரு. 1971-ல கனடாவுல வான்கூவர் கச்சேரியில கீழ ஒரு மெசினைப் பாத்துருக்காரு. ஆகா, எவனோ பதியுதான்னு அடிச்சு நொறுக்கிட்டாக. பெறகு பாத்தா, அது ஊருக்காரங்க சத்தம் எவ்வளவு வருதுன்னு அளக்க வச்ச சர்க்கார் மெசினு! ஒரு மனுசன் 'ஐயா, அது என்ன மெசினு?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கிற வழக்கம் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. கிராண்ட் 1995-ல காலமாயிட்டாரு. அவரு இருந்து 2003 டிவிடியைப் பாத்திருந்தா நெஞ்சைப் பிடிச்சிருப்பாரு: அதுக்குள்ள ரசிகப் பயலுக கூட்டத்துல நின்னு சின்னக் கேமராவுல எடுத்த துண்டுப் படமெல்லாம் அபிஷியலாச் சேந்துருச்சு.

அப்ப கள்ளத்துக்கும் முறைக்கும் என்னதான் வித்தியாசம்னு கேக்கீக. ஃபிராங்க் ஜப்பான்னு ஒரு பாட்டுக்காரரு, குசும்பு பிடிச்ச மனுசன், என் வயசுல இங்கன பிறந்திருந்தா எனக்குச் சம்பந்தி ஆயிருப்பாரு. அவர் கச்சேரிகளை ஊருபட்ட பேரு கள்ளத்தட்டாப் போட்டு வித்துக்கிட்டு இருந்தானுக. அவரு கேஸ் போட்டு அலையலை. 1991-ல அந்தக் கள்ளத்தட்டுல எட்டைப் பொறுக்கினாரு. அதே கரகர சத்தம், அதே அட்டைப் படம், எதையும் திருத்தலை. 'பீட் தி பூட்ஸ்'னு பெட்டி கட்டி அபிஷியலா வித்துட்டாரு. திருடன் செலவழிச்சுப் பதிஞ்சதை உடைமைக்காரன் செலவில்லாம எடுத்துக்கிட்டான். இப்ப ரெண்டு தட்டையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க. காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒண்ணுல துட்டு பாடினவனுக்குப் போச்சு, இன்னொண்ணுல போகலை, அவ்வளவுதான்.

அதனாலதான் சொல்லுதேன், அட்டையையும் அடிப்பக்க நிறத்தையும் மோந்து பாக்கதை விடுங்க. யாரு யாருகிட்ட கேட்டான்னு விசாரிங்க. இது லேசான சோலி இல்லை. ஒரு கச்சேரி வீடியோன்னா பாடினவன், வாசிச்சவன், மெட்டுப் போட்டவன், பாட்டு எழுதினவன், படம் பிடிச்சவன், ஒப்பந்தம் வச்சிருக்க கம்பெனின்னு ஒரு வண்டி ஆளு. இதுல நாலு பேருகிட்டக் கேட்டு ரெண்டு பேருகிட்டக் கேக்காம விட்டாலும் வம்புதான். நம்ம ஊருலயே பாத்தோமே: 2017-ல எஸ்.பி.பி. அமெரிக்காவுல ஊர் ஊராப் பாடிக்கிட்டு இருந்தாரு. இளையராஜா தரப்புல இருந்து வக்கீல் நோட்டீசு, 'அனுமதி இல்லாம என் பாட்டை மேடையில பாடக் கூடாது'ன்னு. பாடினவரும் எஸ்.பி.பி.தான், பாட்டும் அவரு வாயால ஊரு உலகம் கேட்டதுதான். டீக்கடையில பாதிப்பேரு ராஜா கட்சி, பாதிப்பேரு பாலு கட்சி, கடைக்காரனுக்கு ரெண்டு கட்சியும் பாக்கி. மேடை ஏறிப் பாடவே கேக்கணும்னா, அதைப் படம் பிடிச்சுத் தட்டுப் போட்டு விக்க எத்தனை பேரு வாசல்ல நிக்கணும்னு பாத்துக்கோங்க.

பெரும்பாலும் குழப்பம் வாரது டிவிக்காரன் எடுத்த கச்சேரியிலதான். கேமரா வச்சவனுக்கு அனுமதி உண்டு. டிவியில போடவும் உண்டு. பத்து வருசம் கழிச்சு எவனோ அந்த டேப்பை எடுத்துத் தட்டாக்கி, பளிச்சுன்னு அட்டை போட்டுப் பெரிய கடையிலயே அடுக்கிருதான். மூலையில டிவிக்காரன் முத்திரை இருந்த இடம் மட்டும் கலங்கலா இருக்கும், கொஞ்சம் உத்துப் பாருங்க. படம் சுத்தம், சத்தம் சுத்தம், கடையும் சுத்தம். பாடினவனைக் கேட்டா 'எனக்கே தெரியாதே'ம்பான்.

இதுல தேசத்துக்குத் தேசம் சட்டம் வேற. ஃபில் காலின்ஸ்னு ஒருத்தரு 1983-ல கலிபோர்னியாவுல பாடினதை எவனோ கள்ளமாப் பதிஞ்சு, அது ஜெர்மனியில தட்டா வித்துச்சு. தடுக்கப் போனா, ஜெர்மன்காரன் உலகத்துல எங்க பாடினாலும் எங்க சட்டம் காப்பாத்தும், வெளிநாட்டுக்காரன்னா ஜெர்மனிக்குள்ள பாடியிருக்கணும்னுட்டாக. இவரு இங்கிலாந்துக்காரரு, பாடினது அமெரிக்கா. லக்சம்பர்க்குல இருக்க ஐரோப்பியக் கோர்ட்டு வரைக்கும் போயி, 1993 அக்டோபர் 20-ல, ஐரோப்பியச் சமூகத்துக்குள்ள நம்மாளு, அடுத்தாளுன்னு பாக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வாங்கினாரு. அதுவரைக்கும் அந்தத் தட்டு ஜெர்மனிக் கடையில மீசையை முறுக்கிக்கிட்டுல்ல இருந்துச்சு!

நம்ம சர்க்காரும் சும்மா இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்துல 1984-ல 52ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாக. வீடியோ விக்கணும்னா, தயாரிச்சவன் பேரு விலாசம், உரிமைக்காரன் பேரு விலாசம், உரிமைக்காரன் சம்மதம் வாங்கிட்டேன்னு ஒரு உறுதிமொழி, எல்லாம் உறையில இருக்கணும். இல்லைன்னா மூணு வருசம் வரைக்கும் களி. கண்ணாடியை மாட்டிக்கிட்டு உங்க அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பேய்ப் படம் இருக்கு, தங்க எழுத்து இருக்கு, எழுத்துப் பிழையும் இருக்கு. விலாசம் இல்லை. கள்ளத்தட்டு போடுதவனுக்குக் கூச்ச சுபாவம், விலாசம் மட்டும் குடுக்க மாட்டான்.

போதாக்குறைக்கு நம்ம மாநிலத்துல 2004-லருந்து திருட்டு விசிடிக்காரனையும் குண்டர் சட்டத்துல சேத்துட்டாக. கள்ளச்சாராயம் காய்ச்சினவன், காட்டு மரம் வெட்டினவன், வீடியோ திருடினவன் எல்லாரும் அதுல ஒரே வரிசையில உக்காந்திருக்காக. ஒரு வருசம் வரைக்கும் ஜாமீன் பேச்சு இல்லாம உள்ள வைக்கலாம். நல்லவேளை, நான் கடையைச் சாத்தி ஜவுளி யாவாரத்துக்குப் போயி ரொம்ப வருசத்துக்கு அப்புறம்தான் அது வந்துச்சு. உங்க பாட்டி இன்னைக்கும் அந்த வருசத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

வம்பே இல்லாத வழியும் உண்டு. கிரேட்ஃபுல் டெட்னு ஒரு கோஷ்டி. பதிஞ்சே தீருவேன்னு வாரவனுக்கு 1984-லருந்து தனியா டிக்கெட்டு, தனியா இடமே ஒதுக்கிட்டாக: பதிஞ்சுக்கோ, மத்தவனோட மாத்திக்கோ, காசு மட்டும் வாங்காதே. பேர்ல் ஜாம்னு இன்னொரு கோஷ்டி, 2000-ல சுத்தின சுத்துல எழுவத்திரண்டு கச்சேரியைத் தாங்களே தட்டுப் போட்டு வித்துட்டாக. கள்ளன் எவனுக்கும் அந்த வருசம் சோறு இல்லை. நம்ம பக்கம் சங்கீத ரசிகருக ஸ்பூல் டேப்பை வச்சுச் சபாவுலயும் கல்யாணப் பந்தல்லயும் பதிஞ்சு, பரண்ல போட்டு வச்சிருந்தாக. மதுரை மணி ஐயர் கச்சேரிகள்ல பலது இன்னைக்குக் காதுல விழுதுன்னா அந்த டேப்புக புண்ணியம். பதிஞ்சவுகள்ல எத்தனை பேரு ஐயரைக் கேட்டுட்டுப் பதிஞ்சாகன்னு துருவிக்கிட்டு இருந்தா நமக்கு ஒரு ராகமும் மிஞ்சாது. நான் துருவல. துருவினா எங்கிட்டயும் எவனாவது துருவுவான்.

இப்ப உங்க தட்டு. அட்டையில 'சியாட்டில், 1977'ன்னு போட்டிருக்கு. கேமரா மாறி மாறி வருது, கிட்டக்கப் போகுது, தூரக்க வருது, அதனால கம்பெனி எடுத்ததுன்னு அடிச்சுச் சொன்னீக. கேமரா கம்பெனி வச்சதுதாம்டே. கிங்டோம்னு ஒரு ராட்சச அரங்கம், கடைக்கோடியில நிக்கவனுக்கு ஆளு தெரியாதுன்னு பெரிய திரையில காட்டுறதுக்காக அந்த ராத்திரி பிடிச்ச வீடியோ. அந்த டேப்பு எப்படியோ வெளிய நழுவி, அன்னையிலருந்து கைமாறிக் கைமாறி ஓடுது. 2003 டிவிடியில சேக்கலை, கோஷ்டிக்காரங்க அதைத் தட்டாப் போடவும் இல்லை. பூட்லெக்குதான். பஞ்சாயத்து முடிஞ்சுச்சு, சொம்பை எடுத்து உள்ள வைங்க.

மூஞ்சியைத் தொங்கப் போடாதீக. அபிஷியலா வேணும்னா 2003 டிவிடி இருக்கு, காசு குடுத்து வாங்குங்க: ஆல்பர்ட் ஹால் 1970, ஏர்ல்ஸ் கோர்ட்டு 1975, நெப்வொர்த் 1979 எல்லாம் அதுல இருக்கு. விக்கு வேணும்னா 1976 படமும் இருக்கு. இந்தச் சியாட்டில் தட்டை மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. படிக்கிற பயலுக, நாளைக்கு வேலைக்கு மனுப் போடப் போறவுக, சட்டத்துக்குப் புறம்பான சாமானை வீட்டுல வச்சிருக்கப்படாது. கிழவன் மேல எவன் குண்டர் சட்டம் போடுவான்? அப்படியே அந்த பிளேயரையும் கீழ கொண்டாந்து மாட்டிருங்க. வில்லை எடுத்து இழுக்க இடம் எத்தனாவது நிமிசம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுட்டுப் போங்கடே.